ஒரு சரிங்க சாருக்கு எவ்வளவு நேரம்

பத்து நிமிஷம் சும்மா இருக்கணும், அவ்வளவுதான்னு சொல்லிட்டு சபூரா அக்கா கதவைச் சாத்திட்டுப் போயிட்டாங்க. பேசக்கூடாது, எடது கையை அசைக்கக்கூடாது, தூங்கிறக்கூடாது, எதுத்த சுவத்துல ஒட்டியிருக்கிற கூட்டல் குறியைப் பாத்துக்கிட்டே இருக்கணும். சும்மா இருன்னு யாருகிட்டப் போயி சொல்லிட்டுப் போறாங்க பாருங்க, முத்தரசிகிட்ட. எம்.எஸ்சி. உளவியல் மொத வருஷத்துல பதினெட்டுப் பேரு, மத்த பதினேழு பேரு பேசுறதைக் கூட்டி வச்சாலும் முத்தரசி ஒருத்தி சண்டை போடுறதுக்குக் காணாது. அவளோட எடது கையில ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் ஒட்டுப்பட்டை சுத்தியிருந்துச்சு, பட்டைக்கு அடியில சில்லுன்னு பசை, பட்டையிலேருந்து ரெண்டு ஒயரு, ஒயரு சுவத்து ஓட்டை வழியா அடுத்த ரூமுக்குப் போச்சு, அங்க மெஷின். விரல் நுனியில வேர்வை எம்புட்டு ஊறுதுன்னு அளக்குற மெஷின். கண்ணுக்குத் தெரியுற வேர்வை இல்ல, தோலுக்குள்ளயே வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிடுற வேர்வை. மனசுல ஏதாச்சும் துணுக்குன்னு ஆனா ரெண்டு செகண்டுல விரலு போட்டுக் குடுத்துரும், அங்க கம்ப்யூட்டர்ல கோடு எந்திரிக்கும். இதுவரைக்கும் சோதனையே ஆரம்பிக்கல. சோதனைக்கு முந்தி ஆளு சும்மா இருக்கையில கோடு எங்க நிக்குதுன்னு பாக்குறாங்க, அந்தச் சும்மாவை வச்சுத்தான் பெறகு காதுல மணி அடிக்கையில எம்புட்டு ஏறுச்சுன்னு சொல்ல முடியும். சும்மா சரியா இல்லன்னா எதுவுமே சரியா இருக்காது புள்ளன்னு அக்கா முன்னூறு தடவை சொல்லிருக்காங்க. பத்து நிமிஷத்துல கோடு அடங்கலன்னா அந்த ஆளு கெடையாது, பேரை அடிச்சிருவாங்க. நாப்பது ஆளு வேணும். முத்தரசி நாப்பதாவது ஆளு. வேற யுனிவர்சிட்டியிலேருந்து கடன் வாங்கிட்டு வந்த மெஷின், இன்னைக்கு சாயங்காலம் திருப்பி அனுப்பணும். நாப்பத்தொண்ணாவது ஆளைத் தேட நேரமில்ல.

ஆனா மணி பதினொண்ணு. சரியா பதினொண்ணு இல்லாட்டியும் ரெண்டு நிமிஷம் முன்னப் பின்ன. இந்த ரூமுக்குள்ள கடிகாரம் கெடையாது, போனை பிஸ்கட் டப்பாவுல போட்டு வெளிய வச்சுக்கிட்டாங்க, அதனால தோராயமாத்தான் சொல்ல முடியும். பதினொரு மணிக்கு, இங்கேருந்து எழுபது கிலோமீட்டர் தள்ளி, இன்னொரு ரூமுல, இதே மாதிரி ஒரு நாற்காலியில முத்தரசியோட அப்பா செல்லையா உக்காந்திருப்பாரு. இருபத்திநாலு வருஷமா பஸ்ஸு ஓட்டுன மனுஷன், இப்ப எட்டு மாசமா டிப்போவுல டயர் நம்பர் எழுதிக்கிட்டு இருக்காரு. இன்னைக்கு அவருக்கு மறு டெஸ்ட். சிவப்பு லைட்டு எரியும், உடனே பிரேக்கை மிதிக்கணும். மிதிச்சாருன்னா ஸ்டியரிங் திரும்பக் கையில வரும். லேட்டா மிதிச்சாருன்னா ரிட்டயர் ஆகுற வரைக்கும் டயர் நம்பர்தான், மூணாவது டெஸ்டுன்னு ஒண்ணு கெடையாதுன்னு எழுத்துலயே குடுத்துட்டாங்க. இதை சபூரா அக்காகிட்ட முத்தரசி சொல்லல. தேதி தள்ளிப்போச்சுன்னு ஒரு பொய்யைச் சொல்லி வச்சிருந்தா. அரை மணி நேரத்துக்கு முந்தி குடுத்த படிவத்துல, இன்னைக்கு உங்க மனசைப் பாதிக்கிற மாதிரி ஏதாச்சும் இருக்கான்னு கேட்ட எடத்துல, இல்லைன்னு டிக் அடிச்சா. அடிக்கையில பேனா முனை கொஞ்சம் அழுந்துச்சு. அம்புட்டுத்தான். ஒரு டிக்கு. அக்கா ஏழு வருஷமா இந்த டாக்டர் பட்டப் படிப்போட மல்லுக்கட்டுறாங்க, கெஸ்ட் லெக்சரர் வேலையில அலைஞ்சுக்கிட்டே, மூணு பஸ்ஸு மாறி வந்துக்கிட்டே. நான் வரலக்கா, எங்க அப்பாவுக்கு இன்னைக்கு டெஸ்ட்டுன்னு எந்த வாயால சொல்றது.

மூக்கு அரிச்சது. வலது கையால சொறிஞ்சுக்கலாமா? எடது கையைத்தான் அசைக்கக்கூடாதுன்னாங்க. ஆனா வலது கை அசைஞ்சா தோளு அசையும், தோளு அசைஞ்சா மூச்சு மாறும், மூச்சு மாறுனா கோடு மாறும். பெருமூச்சு விட்டாக்கூட கோடு எந்திரிக்கும், கிளாஸுல படிச்சது. சரி, அரிக்கட்டும். அடங்கு, அடங்குன்னு விரலுக்குச் சொன்னா. அடங்குன்னு சொன்னதும் அது இன்னும் துடிச்சது, பட்டைக்கு அடியில நாடி டிக்கு டிக்குன்னு. இந்த விரலுக்கும் என் வாய்தான் போல, சும்மா இருன்னா எதுத்துப் பேசுது. இந்த ரூமு முந்தி சாக்பீஸு டப்பாவும் ஒடஞ்ச பெஞ்சும் போட்டு வச்ச ரூமு. வெளிச் சத்தம் உள்ள வரக்கூடாதுன்னு அக்கா கேன்டீன்லேருந்து முட்டைத் தட்டா வாங்கி சுவரு பூராவும் ஒட்டி வச்சிருக்காங்க, நாலு பக்கமும் குழி குழியா காது மாதிரி. ஏசி இருபத்திநாலுல நிக்குது. கூடக் கொறைய ஆக்கக்கூடாது, முப்பத்தொம்பது பேருக்கும் அதே இருபத்திநாலு, ஒருத்தன் குளுருதுன்னு கெஞ்சினப்பக்கூட போர்வை குடுக்கல, இன்னொரு நாள் வாடான்னு அனுப்பிட்டாங்க. கையைச் சோப்புப் போடாம வெறும் தண்ணியில கழுவணும். ரெண்டு மணி நேரத்துக்கு முந்தி டீ காப்பி கூடாது. இதெல்லாம் ஒரு பொழப்பான்னு முத்தரசி ஒரு காலத்துல நக்கலடிச்சிருக்கா. வேர்வையை அளக்க எட்டு மாசமா? எங்க தெரு இஸ்திரிக்கடை அண்ணன்கிட்ட வந்தா வாளியில புடிச்சுத் தருவாருக்கான்னு மூஞ்சிக்கு நேராக் கேட்டிருக்கா. அக்கா கோவிச்சுக்கல. அவரு வேர்வை சூட்டுல வர்றது, எனக்கு வேண்டியது பயத்துல வர்றது, அவருக்குப் பயம் இருக்கான்னு கேட்டுச் சொல்லுன்னாங்க. மொத மொதல்ல அவ வாயை அடைச்ச ஆளு இவங்கதான்.

மொதல்ல இல்ல, அதுக்கும் முந்தி ஒண்ணு இருக்கு. அந்த ஸ்கேலு. மொத செமஸ்டர், மொத பிராக்டிகல், சபூரா அக்கா ஒரு முப்பது சென்டிமீட்டர் மரஸ்கேலைக் கையில தூக்கிப் புடிச்சுக்கிட்டு, கீழ விரலை விரிச்சு வச்சுக்க, நான் விடுவேன், நீ புடி, எத்தனாவது சென்டிமீட்டர்ல புடிச்சியோ அதை வச்சு உன் மூளைக்கும் விரலுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்னு கணக்குப் போட்டுரலாம்னாங்க. எல்லாப் புள்ளைகளும் ஈன்னு இளிச்சுக்கிட்டு ஸ்கேலைப் புடிச்சுக்கிட்டு இருந்துச்சுக. முத்தரசிக்கு உச்சந்தலையில ஏறிருச்சு. அப்பாவை ஸ்டியரிங்லேருந்து எறக்கி அப்ப ஒரு மாசம்கூட ஆகல. எந்திரிச்சு நின்னு, மேடம், ஒரு மனுசனை ஸ்கேலை வச்சு அளந்துரலாமான்னு கத்துனா. கிளாஸே சிரிச்சது. அக்கா சிரிக்கல. அளக்க முடியாது, அவன் விரலை மட்டுந்தான் அளக்கலாம், மிச்சத்தை அளக்கலைன்னு மறக்காம கீழ எழுதி வைக்கணும்னாங்க. அப்ப எழுதி வைக்காதவனை என்ன பண்றதுன்னு முத்தரசி கேட்டா. யாரு எழுதி வைக்கலன்னாங்க. அப்பத்தான் எல்லாத்தையும் கொட்டுனா, பதினேழு பேரு முன்னாடி. செம்பட்டியில எங்க அப்பா பஸ்ஸு முன்னாடி பைக்கு ஒண்ணு சறுக்கி விழுந்துச்சு, அப்பா பிரேக்கைப் போட்டாரு, முழுசா நிக்கிறதுக்குள்ள பைக்கோட பின்பக்கத்தைத் தட்டிருச்சு, அந்தப் பையனுக்குத் தோள்பட்டை எலும்பு ஒடஞ்சுச்சு, இப்ப நல்லாருக்கான். கொண்டுபோயி டெஸ்டுல உக்கார வச்சாங்க, தொள்ளாயிரத்துச் சொச்சம்னு எழுதுனாங்க, ஒரு செகண்டை ஆயிரமாப் பிரிச்சா அதுல தொள்ளாயிரம், நல்லா ஓட்டுறவனுக்கு முன்னூறு கூட வராதாம், இந்தாளு மந்தம்னு எழுதிட்டாங்க. இருபத்திநாலு வருஷம் ஒரு நாய்க்குட்டி மேலகூட ஏத்தாத ஆளு மந்தமா? மந்தம்னா என்னன்னு தெரியுமா மேடம் உங்க ஸ்கேலுக்கு? அக்கா ஸ்கேலைக் கீழ வச்சுட்டு ரெண்டே வார்த்தை சொன்னாங்க. கூட்டிட்டு வா.

எத்தனை நிமிஷம் ஆச்சு? மூணா, நாலா. கூட்டல் குறி ரெண்டாத் தெரிய ஆரம்பிச்சுது, கண்ணைச் சிமிட்டினா ஒண்ணாச்சு. அப்பா இந்நேரம் உள்ள போயிருப்பாரு. செருப்பை வாசல்லயே கழட்டிருப்பாரு, கழட்டாதன்னு சொன்னாலும் கழட்டுவாரு, ஏசி ரூமுன்னாலே அவருக்குக் கோயிலு மாதிரி. வணக்கம் சொல்லிருப்பாரு. உக்காருங்கன்னா, இருக்கட்டும் சார்ம்பாரு. அந்த சார், அந்த ஒரு சார், அதுல எத்தனை பேரைத்தான் கும்பிட்டிருக்காரு. ஸ்கூலு ஹெட்மாஸ்டரு, கரண்டு ஆபீஸ் கிளார்க்கு, வண்டியில ஏறுற செக்கிங் இன்ஸ்பெக்டரு, ராங் நம்பர்ல கூப்புட்டவன்கிட்டகூட சரிங்க சார், வைக்கிறேன் சார்னு சொல்லிட்டு வச்ச ஆளு. அன்னைக்கு இங்க கூட்டிட்டு வந்தப்பவும் அதேதான். இதே நாற்காலியில உக்கார வச்சு, பச்சை பட்டனை முன்னாடி வச்சு, லைட்டு எரிஞ்சா அழுத்துங்க அண்ணன்னு அக்கா சொன்னாங்க. லைட்டு எரிஞ்சுது. சரிங்கம்மா. டப். லைட்டு எரிஞ்சுது. சரிங்கம்மா. டப். முத்தரசி மூலையில நின்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா, இருபது லைட்டுக்கும் இருபது சரிங்கம்மா, லைட்டுக்கு யாராச்சும் மரியாதை குடுப்பாங்களா, யப்பா வாயை மூடிட்டு அழுத்துப்பான்னு கத்த வாயைத் தொறந்துட்டா. அக்கா விரலைக் காட்டி அவளை நிறுத்திட்டாங்க. நிறுத்திட்டு என்ன பண்ணாங்க? ஒண்ணும் சொல்லல அவருகிட்ட. அவரு சட்டைப் பொத்தான்கிட்ட ஒரு சின்ன மைக்கை மாட்டிவிட்டாங்க. திரும்ப இருபது லைட்டு. சத்தம் எப்ப ஆரம்பிக்குதுன்னு ஒரு கோடு, கை எப்ப அழுத்துதுன்னு ஒரு கோடு. கம்ப்யூட்டர்ல பாத்தா, லைட்டு எரிஞ்சு முன்னூத்தி நாப்பதுல 'ச' வந்திருச்சு. கை வந்தது தொள்ளாயிரத்து இருபதுல. அம்புட்டு நேரமும் கை என்ன பண்ணுச்சு? காத்துக்கிட்டு இருந்துச்சு. வாயி மரியாதையைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் கை காத்துக்கிட்டு இருந்துச்சு.

அதோட விட்டாங்களா. அண்ணன், எனக்கு வெளிய ஒரு வேலை இருக்கு, நீங்க பாட்டுக்கு அழுத்துங்க, லைட்டு தானா எரியும்னு சொல்லிட்டு முத்தரசியையும் இழுத்துக்கிட்டு வெளிய வந்து கதவைச் சாத்திட்டாங்க. ரெண்டு பேரும் வராந்தாவுல நின்னாங்க. உள்ள டப், டப், டப். சரிங்கம்மா இல்ல. யாருமில்லாத எடத்துல யாருக்குச் சொல்லுவாரு. எரநூத்தி எழுபது, எரநூத்தி எண்பத்தஞ்சு, எரநூத்தி அறுபத்தெட்டு. அதே மனுசன், அதே லைட்டு, அதே பட்டன், அதே நாற்காலி, ஒரே ஒரு வித்தியாசம், எதுத்தாப்புல ஆளு இல்ல. முத்தரசிக்கு ஒடம்பு புல்லரிச்சுப் போச்சு. அவ அம்மாகிட்ட, சித்தப்பாகிட்ட, யூனியன் ஆளுககிட்ட எல்லாம் எட்டு நாளாக் கத்திக் கத்திச் சொன்னதை இந்தப் பொம்பள வாயைத் திறக்காம, ஒரு கதவைச் சாத்திக் காட்டிருச்சு. சண்டை போடாமலே ஜெயிக்கலாம்னு அன்னைக்குத்தான் அவளுக்குத் தெரியும். கொஞ்சம் பொறாமையாக்கூட இருந்துச்சு. அப்பறம் ஒரு சந்தேகமும் வந்துச்சு, அவ புத்தி அப்புடி, இந்தக்கா நம்ம மேல பரிதாபப்பட்டு நம்பரைக் கொறச்சு எழுதிருச்சோன்னு. மறுநாள் அக்கா இல்லாத நேரம் ஃபைலைத் தொறந்து பாத்தா. அம்புட்டையும் எழுதி வச்சிருக்காங்க. பதிமூணாவது லைட்டுல அறுநூறு வந்திருக்கு, அதை எடுத்துப் போடல, பக்கத்துல 'தும்மினார்'னு எழுதிருக்காங்க. ஆடி மாசத்துல வந்த ஒம்பது பொம்பளப் புள்ளைகளுக்குக் கோடே எந்திரிக்காம செத்த பாம்பாக் கெடந்துச்சுன்னு இன்னொரு நோட்டுல இருந்துச்சு, துறைத் தலைவரு புரபசர் அதையெல்லாம் தூக்கிப் போடுன்னிருக்காரு. அக்கா ஒவ்வொருத்தி விரலையும் திரும்பப் பாத்து, எல்லாருக்கும் மருதாணி, நுனி விரல்ல தொப்பி போட்ட மருதாணின்னு கண்டுபிடிச்சு, விரலை விட்டுட்டு உள்ளங்கால்ல பட்டையை ஒட்டி மறுபடி அளந்திருக்காங்க. கால்ல கோடு துள்ளிருக்கு. அதுக்குக் கீழ, மருதாணிதான் காரணமான்னு எனக்கு உறுதியாத் தெரியாது, சந்தேகம் மட்டும்னு ஒரு வரி. தெரியாதுன்னு எழுதுறதுக்கு எம்புட்டு நெஞ்சழுத்தம் வேணும். முத்தரசி இருபத்திரெண்டு வருஷத்துல ஒரு தடவைகூட யாருகிட்டயும் தெரியாதுன்னு சொன்னதில்ல.

தெரியாது. அப்பா வாயைத் திறப்பாரா மாட்டாரா, தெரியாது. காலையில போன்ல சொன்னாரு, புது ஆபீஸராம்த்தா, நல்ல மனுசனாட்டம் இருக்காரு, தம்பி மாதிரி பேசுறாருன்னு. அவளுக்கு ஆத்தரமா வந்துச்சு. நல்ல மனுசன்னாத்தான் ஆபத்து, இன்னும் ரெண்டு சரிங்க சார் சேத்துச் சொல்லுவ. யப்பா, ஒரு புளிப்பு மிட்டாயை வாயில போட்டுக்க, வாயே திறக்காதன்னா. ஆபீஸர் முன்னாடி எப்புடித்தா மெல்லுறதுன்னாரு. அப்ப கடைசி வரைக்கும் டயருக்கு நம்பர் எழுது, டயருக்கும் சரிங்க சார் சொல்லுன்னு கத்திட்டு வச்சுட்டா. வைக்கிறதுக்கு முந்தி அவரு குரல் கேட்டுச்சு, சரித்தா, கோவிச்சுக்காதன்னு. அதை இப்ப எதுக்கு நெனைக்கணும். கோடு எந்திரிச்சிருக்கும். விரலு ரெண்டும் இப்ப வெளிய அக்காவுக்கு என்னமோ ஓதிக்கிட்டு இருக்கும். வேற நெனப்பு. வேற. பஸ்ஸு. செம்பட்டி ரோடு, ரெண்டு பக்கமும் புளியமரம், சின்னப் புள்ளையில அவ என்ஜின் மேல ஒரு துண்டை விரிச்சு உக்காந்துக்கிட்டுப் போவா, சூடு துண்டைத் தாண்டி ஏறும், அப்பா கால் செருப்பில்லாம பெடல் மேல, பெருவெரலு மட்டும் தனியா ஆடிக்கிட்டு. கன்னுக்குட்டி குறுக்க வந்தா அந்தக் காலு எப்ப மாறுச்சுன்னு அவ கண்ணுக்குத் தெரியாது, வண்டி நின்னதுக்கப்பறந்தான் கன்னுக்குட்டியே தெரியும். அந்தக் காலா மந்தம்? ஆனா அன்னைக்கு மட்டும் ஏன் பைக்கைத் தட்டுச்சு.

இந்தக் கேள்வியை இந்த எட்டு மாசத்துல அவ கேட்டதே இல்ல. எல்லாத்துக்கும் கேள்வி கேப்பா, இதைக் கேக்கல. பைக்கு சறுக்குனது, ரோட்டுல மணலு கெடந்தது, பையன் வேகமா வந்தான், எல்லாம் சொல்லுவா. லெட்டரு. அக்கா எழுதுன லெட்டரு, டெஸ்டு எடுக்குற ஆபீஸுக்கு, சுத்தமான தமிழ்ல ரெண்டு பக்கம். எண்ணுறதுக்கு முந்தி பத்து லைட்டு பழக விடணும், டெஸ்டு எடுக்குறவரு அந்த ரூமுல இருக்கக்கூடாது. இம்புட்டும் சரி. கடைசியில ஒரு வரி: இவரு வண்டி ஓட்டுகையில மேலதிகாரி யாரும் பக்கத்துல நின்னு பேச வேண்டாம்னு பணிவாக் கேட்டுக்கிறேன். இந்த வரி எதுக்குக்கான்னு முத்தரசி குதிச்சா. நம்ம கேஸை நம்மளே கெடுத்துக்கிறதா? ஆளு இல்லாதப்ப வேகமா இருக்காருன்னு சொன்னாப் போதாதா? அக்கா சொன்னது, அளந்தது ரெண்டையுஞ்சொல்லுது புள்ள, ஒண்ணை மட்டும் எடுத்துக்க எனக்கு உரிமையில்ல. ரெண்டு நாளு அக்காகூடப் பேசல அவ. கூட்டல் குறியைப் பாத்துக்கிட்டே இருந்தா, குறுக்குக் கோடும் நெடுக்குக் கோடும் ஒண்ணை ஒண்ணு வெட்டுற எடத்தை. ஆளு எதுக்க இருந்தா தொள்ளாயிரம். இல்லன்னா எரநூத்தி எழுபது. அப்ப அந்த மொத டெஸ்டுக்காரன் எழுதுன தொள்ளாயிரம் பொய்யில்ல. அவன் ஒண்ணை உண்மையாத்தான் அளந்தான், என்னத்தை அளந்தோம்னு தெரியாம அளந்தான். ஆளு எதுக்க இருந்தா. செம்பட்டியில அன்னைக்கு வண்டியில யாரு இருந்தா? கண்டக்டர் ராயப்பன் மாமா பின்னாடி டிக்கெட் போட்டுக்கிட்டு இருந்தாரு. அம்மா அன்னைக்கு ராத்திரி சோறு போடுகையில என்னமோ சொன்னாளே, நெலக்கோட்டையில செக்கிங் ஏறுனாங்களாம்னு. ஏறுனாங்கன்னா எறங்கணுமில்ல. எங்க எறங்குனாங்க? ஏறுன இன்ஸ்பெக்டரு எங்க நிப்பாரு? டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துல, கம்பியைப் புடிச்சுக்கிட்டு, என்ன செல்லையா, வீட்டுல எல்லாம் சௌக்கியமான்னு கேட்டுக்கிட்டு. கேட்டா அப்பா என்ன சொல்லுவாரு. நல்லாருக்கோம் சார், சரிங்க சார். சொல்லி முடிக்கிற வரைக்கும் கை காத்துக்கிட்டு இருக்கும். காலும் காத்துக்கிட்டு இருக்கும். பட்டைக்கு அடியில பசை சூடானாப்புல இருந்துச்சு. விசாரணையில அவரு இன்ஸ்பெக்டரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. சொன்னா சாருக்குப் பிரச்சினை வருமே.

கதவு திறந்துச்சு. பத்து நிமிஷம் முடிஞ்சிருந்துச்சு. சபூரா அக்கா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எதுத்தாப்புல உக்காந்தாங்க. கையில மடிக்கணினி, அதை அவ பக்கம் திருப்பிக் காட்டுனாங்க. கோடு அடங்கவே இல்ல. பல்லுப் போன சீப்பு மாதிரி ஏறி எறங்கி, கடைசிப் பக்கத்துல ஒண்ணு ஓங்கி எந்திரிச்சு, கட்டத்தைத் தாண்டிப் போயிருந்துச்சு.

"எட்டாவது நிமிஷம். முப்பத்தொம்பது பேருல யாருக்கும் இப்புடி ஒண்ணு வரல. என்னடி பண்ணுன, உள்ள உக்காந்துக்கிட்டு தீமிதிச்சியா?"

"என்னன்னு தெரியுதாக்கா இதுல?"

"என்னமோ நடந்துச்சுன்னு தெரியுது. என்னன்னு இதுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நீ சொன்னாத்தான் உண்டு, சொல்லலன்னாலும் பரவாயில்ல."

"படிவத்துல பொய் டிக் அடிச்சேங்க்கா. அப்பாவுக்கு இன்னைக்குத்தான் டெஸ்டு. இப்பத்தான் நடந்துக்கிட்டு இருக்கு."

அக்கா படிவத்தை எடுத்து, அந்த டிக்கை வெட்டிட்டு, பக்கத்துல 'இருக்கு'ன்னு எழுதுனாங்க. "அப்ப முப்பத்தொம்பது பேருன்னு எழுதிக்கிறேன்."

"அக்கா! ஏழு வருஷம்க்கா. இதை வச்சுக்கங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"உங்க அப்பாவை மந்தம்னு எழுதுனாரே ஒருத்தரு, அவரும் இதைத்தான் நெனச்சிருப்பாரு. ஒரு பழக்க லைட்டு விடலன்னா யாருக்குத் தெரியப்போகுதுன்னு." அக்கா சிரிச்சாங்க. "முப்பத்தொம்பதுக்கு டாக்டர் பட்டம் குடுக்க மாட்டேன்னா, அவனுககூட சண்டை போட உன்னைக் கூட்டிட்டுப் போறேன். போதுமா?"

முத்தரசி சண்டையை விட்டுட்டு வேற ஒண்ணு கேட்டா. "அக்கா, அன்னைக்கு வண்டியில ஒரு சார் நின்னாரா? எங்க அப்பா பக்கத்துல?"

"நான் கேட்டேன் அவருகிட்ட. இல்லம்மான்னாரு." அக்கா கீழ பாத்தாங்க. "சொல்றதுக்கு நாலு செகண்டு எடுத்துக்கிட்டாரு. இல்லன்னாருன்னும் எழுதி வச்சிருக்கேன், நாலு செகண்டுன்னும் எழுதி வச்சிருக்கேன். அதுக்கு மேல எனக்குத் தெரியாது. அந்தக் கடைசி வரி எதுக்குன்னு கேட்டியே, இதுக்குத்தான்."

வெளிய பிஸ்கட் டப்பாவுக்குள்ள போன் வண்டு மாதிரி அடிச்சுக்கிட்டுச்சு. அக்கா எந்திரிச்சுப் போயி டப்பாவோட எடுத்துட்டு வந்து, போனை அவ வலது கையில வச்சாங்க. எடது கையில பட்டை இன்னும் இருந்துச்சு, ஒயரு இருந்துச்சு, கோடு ஓடிக்கிட்டு இருந்துச்சு. அக்கா மடிக்கணினியை முக்காலி மேல சுவத்தைப் பாக்கத் திருப்பி வச்சுட்டு, வெளிய போயி கதவைச் சாத்திக்கிட்டாங்க.

"என்னப்பா?"

"அவரு வெளிய போயிட்டாருத்தா!" அப்பா குரல் ஓடி வந்த மாதிரி எரைச்சது. "லெட்டரைப் படிச்சுட்டாராம். நீங்க பழகுங்கண்ணே, நான் வெளிய இருக்கேன்னு கதவைச் சாத்திட்டுப் போயிட்டாரு. நானும் லைட்டும் மட்டும்தான். எரநூத்தி எண்பதாம்த்தா. திங்கக்கெழமை வண்டியை எடுங்கன்னுட்டாரு."

அவ போனைக் காதோட அழுத்திக்கிட்டா.

"போறப்ப மட்டும் ஒரு சரிங்க சார் சொல்லிட்டேன். அது கணக்குல வராதுல்ல?"

சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்து மூக்குல அடைச்சது. "வராதுப்பா." சிரிச்சு முடிச்சு, கூட்டல் குறியைப் பாத்துக்கிட்டே, அவளோட கொரலு இல்லாத ஒரு கொரல்ல, மெதுவாக் கேட்டா: "அப்பா. அன்னைக்கு செம்பட்டியில உன் பக்கத்துல யாரு நின்னா?"

அந்தப் பக்கம் சத்தமில்ல. ரோட்டு எரைச்சல் மட்டும், எவனோ சோளக்கதிரு விக்கிறான். வழக்கமா இந்நேரத்துக்கு அவ நாலு வார்த்தை வீசியிருப்பா, சொல்லுப்பா, வாயில என்ன கொழுக்கட்டையா. இன்னைக்கு வாயை மூடிக்கிட்டு மனசுக்குள்ள எண்ணுனா. ஒண்ணு. ரெண்டு. திங்கக்கெழமை திரும்பவும் அந்தச் சீட்டு, திரும்பவும் யாராச்சும் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிப்பாங்க. மூணு. நாலு. நாலுல இல்லன்னு வரும்னு காத்திருந்தா. வரல. அஞ்சு. ஆறு. சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கிற திரையில கோடு எங்க நிக்குதோ, அதைப் பாக்க யாருமில்ல. ஏழு. சோளக்கதிரு விக்கிறவன் தூரமாப் போயிட்டான். எட்டு.

"நின்னாருத்தா" அப்டின்னாரு அப்பா.